பாட்டில், பாக்கெட், டெட்ரா, கேன்: வாசலுக்கு வரும் பாலை எதை வைத்து எடைபோடுவது?

2024 மார்ச் 25 அன்று அமெரிக்க வேளாண் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டெக்சஸ், கான்சஸ் மாநிலங்களில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறது. மாடுகள் தீவனத்தைக் குறைத்துக்கொண்டன, கறவை சட்டென்று இறங்கியது, கறந்த பால் சீம்பால் போலக் கெட்டியாக மஞ்சளாக இருந்தது. பறவைகளை அறிந்தவர்களும் மாடுகளை அறிந்தவர்களும் ஒருசேரத் திகைத்த செய்தி இது. நுரையீரலைத் தாக்கும் வைரஸ் என்று நினைத்திருந்தது மடியில் குடியேறியிருந்தது. பசுவின் மடித் திசுவில் பறவைக் காய்ச்சல் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன என்பது பிறகுதான் தெளிவானது. அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய ஆயிரம் பண்ணைகளுக்குப் பரவியது. அவற்றில் பெரும்பங்கு கலிபோர்னியாவில்.

சென்னையிலோ கோவையிலோ காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து பால் எடுக்கும் வீட்டுக்கு இதில் என்ன வேலை? வேலை இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக நம் நகரங்களில் ‘பண்ணையிலிருந்து நேரே’ என்று கண்ணாடிப் பாட்டிலில் பச்சைப் பால் தரும் சந்தா சேவைகள் பெருகியிருக்கின்றன. பாக்கெட் பாலைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. அவை தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சிறப்புகள் எந்த அளவுக்கு நோயைத் தடுக்கும் என்று பார்க்க, அமெரிக்க மாடுகள் நமக்கு ஒரு பெரிய சோதனைச் சாலையாக அமைந்துவிட்டன. ஆகவே இந்த மதிப்பீட்டில் சுவையும் ஆடையும் இரண்டாம் இடம். விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும் நோயை வழியில் எந்தப் பால் நிறுத்துகிறது என்பதே முதல் கேள்வி.

கண்ணாடிப் பாட்டில் பச்சைப் பால்

முதலில் சேவை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பின்னிரவில் கறவை. கறந்த பாலை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஏழு மணிக்குள் வாசலில் வைக்கிறார்கள். நல்ல பண்ணைகளில் இந்த வேலை உண்மையிலேயே சுத்தமாக நடக்கிறது. மடியைக் கழுவித் துடைப்பது, முதல் சில பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் பிடித்துத் திரிதிரியாக வருகிறதா என்று பார்ப்பது, கறந்த பின் காம்பை அயோடின் கரைசலில் முக்குவது எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்கள். பாலின் ருசியும் நன்றாகவே இருக்கும். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் விளம்பரத்தில் வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

‘கறந்த நிமிடமே குளிர்விக்கிறோம், அதனால் கிருமி இல்லை.’ குளிர் கிருமியை நிறுத்திவைக்கும், கொல்லாது. எச்5என்1 உள்ள பச்சைப் பாலை ஆய்வகத்தில் 4 டிகிரியில் ஐந்து வாரம் வைத்துப் பார்த்தார்கள். வைரஸின் அளவு குறைந்தது, ஆனால் உயிருள்ள வைரஸ் ஐந்தாம் வாரத்திலும் இருந்தது. அந்தப் பாலைக் குடித்த எலிகள் நோயுற்றன. லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவோ குளிர்பெட்டிக்குள்ளேயே பெருகும். கர்ப்பிணிக்கு அது வந்தால் கருச்சிதைவு வரை போகும்.

‘மனிதக் கை படாதது.’ கறவை இயந்திரம்தான் அமெரிக்கப் பண்ணைகளில் முதல் சந்தேகத்துக்கு ஆளானது. காம்பில் மாட்டும் ரப்பர் குழலில் ஒரு மாட்டின் பால் கொஞ்சம் தங்கும். அதை அப்படியே அடுத்த மாட்டுக்கு மாட்டினால் மடியிலிருந்து மடிக்குப் பரவ வழி கிடைக்கிறது. அங்கே 2025 நடுப்பகுதி வரை எச்5என்1 உறுதியான மனிதர்கள் 70 பேர். அவர்களில் 41 பேருக்குத் தொற்று கறவை மாடுகளோடு பழகியதால் வந்தது. பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததும் லேசான காய்ச்சலுமாகத் தீர்ந்தது. பண்ணைப் பூனைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெக்சஸில் நோயுற்ற மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பூனைகளில் ஏறக்குறையப் பாதி இறந்துபோயின.

‘ஏ2 பால்.’ இது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகையைக் குறிக்கிறது. கிருமிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஆகஸ்ட் 21 அன்று ஏ1, ஏ2 என்று போட்டு விற்கக் கூடாது என்று சொல்லி, ஐந்து நாள் கழித்து அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றது. வாங்குபவர் அந்த எழுத்துக்குத் தனி விலை கொடுப்பது அவர் விருப்பம். பாதுகாப்புக்கான விலையாக அதை நினைத்துவிடக் கூடாது.

‘தினமும் இருபது சோதனைகள்.’ இதுதான் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), சேர்த்த தண்ணீர், யூரியா, சோப்பு, மாவு, ஆன்டிபயாடிக் எச்சம் என்று போகும். எல்லாம் கலப்படத்தையும் தரத்தையும் பார்ப்பவை. கன்றுவீச்சு நோயையோ காசநோயையோ வைரஸையோ கண்டுபிடிக்கும் சோதனை அதில் ஒன்றுகூட இருக்காது. மொத்த பாக்டீரியா எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் பாலிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

புதிய வைரஸை ஒரு பக்கம் வையுங்கள். நம் நாட்டில் பச்சைப் பால் மூலம் வரும் பழைய ஆபத்து கன்றுவீச்சு நோய்தான், அதாவது புருசெல்லோசிஸ். மாடு ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்றை வீசும். பிறகு பார்க்க நலமாகவே இருக்கும், பாலில் மட்டும் பாக்டீரியா வந்துகொண்டிருக்கும். அந்தப் பாலைக் குடித்தவருக்கு ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகு வலி, மூட்டு வலி. சில வாரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் யாரும் பாலைச் சந்தேகிக்க மாட்டார்கள். டைஃபாய்டு என்று எண்ணிச் சிகிச்சை நடக்கும். உண்மையான மருந்து குறைந்தது ஆறு வாரம், இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்து. மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கு அடுத்து இந்த நோயைத்தான் வைத்தார்கள். நான்கு முதல் எட்டு மாதம் வரையான கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை எஸ்-19 தடுப்பூசி போட்டால் போதும். நீங்கள் பால் வாங்கும் பண்ணைக் கன்றுகளின் காதில் தோடும் கையேட்டில் அந்த ஊசியின் பதிவும் இருக்கின்றனவா என்பது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, பால் வளையச் சோதனை செய்கிறார்களா என்பது. ஒரு மில்லி பாலில் சாயமேற்றிய ஆன்டிஜென் ஒரு துளி விட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். மேலே மிதக்கும் ஆடை வளையம் நீலமானால் மந்தையில் நோய் இருக்கக்கூடும். மலிவான சோதனை, கால்நடைத் துறை ஆய்வகங்களுக்குப் பழக்கமானது. இரண்டு இடத்தில் தவறும்: மடிநோய் உள்ள பாலும் சீம்பாலும் கலந்தால் நோய் இல்லாமலே நீலம் காட்டும். மாடுகள் அதிகமான மந்தையில் ஒரு மாட்டின் நோய் மொத்தப் பாலில் நீர்த்துப்போய்த் தெரியாமலே இருக்கும். ஆகவே பெரிய பண்ணை என்றால் பத்துப் பத்து மாடாகப் பிரித்து எடுத்த மாதிரிகளின் அறிக்கையைக் கேளுங்கள், ஆண்டுக்கு இரண்டு முறையாவது. காசநோய்க்குத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்க வேண்டும். புதிதாகச் சந்தையில் வாங்கிய மாட்டை இந்த இரண்டும் முடியும்வரை மந்தையோடு சேர்க்காமல் கட்டுகிறார்களா என்றும் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கும் பண்ணையிடம் சந்தா எடுக்காதீர்கள்.

மூன்றாவதாக, கொட்டகைக்குள் கோழியும் வாத்தும் உலவுகின்றனவா? ‘இயற்கை முறைப் பண்ணை’ என்று காட்டும் படங்களில் மாட்டின் காலடியில் நாட்டுக்கோழி கிளறிக்கொண்டிருக்கும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதல்முறை கண்டறியப்பட்ட நாளிலிருந்து இந்தியாவில் பறவைக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. குட்டநாட்டு வாத்துப் பண்ணைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. மாட்டின் தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும் பறவைக்கு எட்டாமல் இருப்பது இனி அழகுக்கான விஷயம் அல்ல.

இவ்வளவும் சரியாக இருக்கும் பண்ணை கிடைத்தாலும், பச்சைப் பாலை வாங்கி வீட்டில் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். கொதிக்கவைக்கப் போகிறோம் என்றால் கொடுத்த கூடுதல் விலை ருசிக்கு மட்டும்தான். ‘காய்ச்சாமல் அப்படியே குடியுங்கள், என்சைம் சாகாது’ என்று சொல்லும் சேவைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் கடையில் விற்ற பச்சைப் பாலிலேயே எச்5என்1 கண்டறிந்து, பாட்டில்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அங்கே அதைத் தேடிச் சோதிக்க ஆள் இருந்ததால் தெரிந்தது.

பண்ணையிலேயே பாஸ்சரைஸ் செய்த பால்

பாட்டில் சேவைகளில் ஒரு சிறு பிரிவு பாலைச் சூடாக்கிய பின் தருகிறது. லேபிளில் தேடிப் பார்க்க வேண்டும். ‘பாஸ்சரைஸ்டு’ என்ற சொல், 14 இலக்க உரிம எண், கறந்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி நான்கும் இருக்க வேண்டும். ‘சில்டு’ (குளிர்வித்தது) என்று மட்டும் போட்டிருந்தால் அது பச்சைப் பால்தான்.

சிறிய பண்ணைகள் பெரும்பாலும் தொட்டி முறையில் செய்கின்றன. 63 டிகிரியில் முழுதாக 30 நிமிடம். இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் காசநோய்க் கிருமியை வைத்து 61.7 டிகிரி என்று கணக்கிட்டிருந்தார்கள். கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா அதைவிடச் சற்றுச் சூடு தாங்குகிறது என்று தெரிந்ததும் 1956இல் 62.8 ஆக உயர்த்தினார்கள். ஒரு டிகிரி குறைந்தாலும் அர்த்தம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். தொட்டி முறையில் கெடுவது எங்கே என்றால் மேலே மிதக்கும் நுரையில். பால் 63ஐத் தொட்டிருக்கும், நுரை தொட்டிருக்காது. நல்ல தொட்டியில் கலக்கும் துடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும், பாலுக்கு மேலுள்ள காற்றையும் நீராவியால் சூடாக்குவார்கள், தானாகப் பதியும் வெப்பமானி ஒன்று வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும். மூடியில் ஒட்டியிருந்த பச்சைப் பால் துளி பின்னர் சொட்டினால் அத்தனையும் வீண். ஆகவே பண்ணையில் கேட்க வேண்டியது அந்த வரைபடத்தாளையும் பாஸ்பட்டேஸ் சோதனை முடிவையும்தான். பாஸ்பட்டேஸ் என்பது பாலில் இயல்பாக உள்ள ஒரு நொதி. நோய்க்கிருமிகள் சாகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் அழியும். அது அழிந்திருந்தால் சூடு போதுமான அளவு ஏறியிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பிரிவுப் பால்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆடை மேலே திரளும், ருசி குறையாது, ஒரே பண்ணை என்பதால் கேள்வி கேட்க ஆள் இருப்பார். விலை மட்டும்தான் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. பத்துக்கு எட்டு.

பாக்கெட் பால்

ஆவின் உள்ளிட்ட பாக்கெட் பாலைப் பற்றி ‘பல ஊர்ப் பாலும் கலந்தது, பவுடர் பால், செத்த பால்’ என்று கேலியாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நோய்த் தடுப்புக் கண்ணோட்டத்தில் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய பாதுகாப்பு இதுதான்.

பல ஊர்ப் பால் கலக்கிறது என்பது உண்மை. ஆயிரக்கணக்கான மாடுகளின் பால் ஒரே டேங்கில் சேர்வதால் ஏதோ ஒரு நோயுற்ற மாட்டின் பால் அதில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே ஆலையை அமைத்திருக்கிறார்கள். சொசைட்டியில் அளந்து வாங்கிய பால் அருகிலுள்ள குளிர்விப்பு டேங்குக்குப் போய் 4 டிகிரிக்கு இறங்குகிறது. லாரியில் ஆலைக்கு வந்ததும் மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு இடையே ஓடவிட்டுக் குறைந்தது 72 டிகிரிக்குச் சூடேற்றி, 15 விநாடி அந்தச் சூட்டிலேயே ஒரு நீள்குழாயில் ஓட வைக்கிறார்கள். பல ஆலைகள் 75க்கு மேலும் வைக்கின்றன. குழாயின் முடிவில் ஒரு வால்வு இருக்கும். சூடு ஒரு துளி குறைந்தாலும் அது தானாகத் திரும்பிப் பாலை மறுபடி தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். இன்னொரு நுணுக்கம்: வெளியேறும் சூடான பால் உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குத் தகடு வழியே சூட்டைக் கொடுக்கிறது. தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் பச்சைப் பால் இந்தப் பக்கம் கசியலாம். அதைத் தடுக்கப் பாஸ்சரைஸ் ஆன பாலின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைக்கிறார்கள். கசிந்தாலும் நல்ல பால்தான் அந்தப் பக்கம் போகும்.

இந்த முறை புதிய நோயின் முன் நிற்குமா என்ற கேள்விக்கும் 2024இல் விடை கிடைத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடைகளிலிருந்து எடுத்த பால் பொருட்களில் 297 மாதிரிகளைச் சோதித்தது. ஐந்தில் ஒன்றில் எச்5என்1 மரபணுத் துணுக்குகள் பிசிஆரில் தெரிந்தன. அவற்றைக் கோழிக் கருமுட்டைக்குள் செலுத்திப் பார்த்தபோது ஒன்றில்கூட உயிருள்ள வைரஸ் வளரவில்லை. நோயுற்ற மாட்டின் பால் நாடெங்கும் கடைக்குப் போயிருந்தது, வைரஸ் மட்டும் செத்திருந்தது. யாரும் எதிர்பாராத ஒரு வைரஸைக் காசநோய்க்காக வகுத்த பழைய முறையே தடுத்து நிறுத்தியது என்பதைச் சொல்லும்போது எங்களுக்கு உண்மையான நன்றியுணர்வு வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆலை வாசலைத் தாண்டிய பிறகுதான் பாக்கெட் பால் கெடுகிறது. தெருமுனையில் டப்பு டப்பாக வெயிலில் நிற்பது, கடைக்காரர் மின்செலவுக்காக இரவில் குளிர்பெட்டியை அணைப்பது, கசிந்த பாக்கெட்டின் பால் மற்றவற்றின் மேல் வழிந்து காய்வது. உறையின் வெளிப்புறம் அழுக்கு என்றே கொள்ளுங்கள். குழாயடியில் கழுவிய பின் வெட்டுங்கள், வெட்டிய மூலை பாலுக்குள் விழாமல் பாருங்கள். பாக்கெட் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். உப்பியிருந்தால் வாங்காதீர்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6 என்ற கணக்கு ருசிக்கும் பர்ஸுக்கும் உரியது. பாதுகாப்பில் மூன்றும் ஒன்றே. பத்துக்கு எட்டு. விலையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது.

ஜூஸ் கடையில் மில்க் ஷேக்குக்குப் பாக்கெட் பாலைக் காய்ச்சாமல் கட்டியாக உறையவைத்து உடைத்துப் போடுவார்கள். ஆலையில் பாஸ்சரைஸ் ஆனது என்பதால் அது சரியே. கேனிலிருந்து ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெட்ரா பாக்கெட் பாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 135 டிகிரிக்குக் குறையாமல் சில விநாடி சூடாக்கி, கிருமியற்ற உறையில் காற்றுப் புகாமல் அடைத்தது. பிரிக்கும்வரை குளிர்பெட்டி வேண்டாம், காய்ச்ச வேண்டாம். பிரித்த பிறகு சாதாரணப் பால்தான், குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வெள்ளம், புயல், மின்வெட்டு நாட்களுக்கும், பயணத்துக்கும், வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளி இருந்தால் அவருக்கும் இதைவிடப் பாதுகாப்பான பால் இல்லை. காய்ச்சிய வாடை கொஞ்சம் இருக்கும், உறை ஊற்றினால் தயிர் சற்று இளகும். பத்துக்கு ஒன்பது, காபிக்கு மட்டும் ஆறு.

கேன் பால்காரர்

இவரைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர், கறந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்கள் பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறார், நீங்களும் உடனே அடுப்பில் வைத்துவிடுகிறீர்கள். குளிர்ச்சங்கிலி இல்லாவிட்டாலும் நேரம் குறைவு என்பதால் இது ஓடுகிறது. அவரிடம் பார்க்க வேண்டியவை: கேன் எஃகா பிளாஸ்டிக்கா, மூடியின் உள்விளிம்பில் பழைய பால் மஞ்சளாகப் படிந்திருக்கிறதா, அளவைக் கிண்ணம் கேனுக்குள்ளேயே மிதக்கிறதா, கையை எங்கே துடைக்கிறார். மாடு கன்றை வீசியிருந்தால் சொல்லச் சொல்லுங்கள். விலைக்கு மேலே ஐந்து ரூபாய் கொடுத்தாவது கன்றுக்குத் தடுப்பூசி போட்டாரா என்று கேட்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள், ஊசி அரசு மருந்தகத்தில் இலவசம். கெடுவது எப்போது என்றால், மாலைப் பாலையும் காலைப் பாலையும் கலந்து ஊற்றும்போது, அல்லது பத்து வீட்டில் வாங்கி நகரத்துக்குள் கொண்டுவந்து விற்பவர் நடுவில் வந்து நேரம் நான்கைந்து மணியாக நீளும்போது. அண்டை வீட்டு மாடென்றால் பத்துக்கு ஆறு, தூரத்துக் கேன் என்றால் மூன்று. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, முழுக் கொதி.

சீம்பால், ஆட்டுப் பால், கழுதைப் பால்

இவை எந்தச் செயலியிலும் மதிப்பெண் பெறாதவை, ஆனால் வீட்டுக்குள் வருபவை. கன்று ஈன்ற வீட்டிலிருந்து அன்போடு வரும் சீம்பாலைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். கன்றுவீச்சு நோயின் கிருமியான புருசெல்லாவும் கியூ காய்ச்சலின் காக்சியெல்லாவும் மாட்டின் உடலிலிருந்து மிக அதிகமாக வெளியேறுவது ஈனும் வேளையில்தான்: நச்சுக்கொடியில், பனிக்குட நீரில், பிறகு பாலில். குறை மாதத்தில் கன்று வீசிய மாட்டின் சீம்பாலை யாரும் தொடவே கூடாது. நலமாக ஈன்ற மாட்டின் சீம்பாலை, வெல்லம் ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைக்கும்போது ஓரம் மட்டும் கட்டியாகி நடு இளகியிருக்கும் நிலையில் இறக்கிவிடக் கூடாது. உயரம் குறைந்த தட்டில், இரண்டு விரற்கடைக்கு மேல் ஊற்றாமல், தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்து இருபது நிமிடம். நடுவில் குத்திய கத்தி சுத்தமாக வர வேண்டும். நச்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்குத்தான் சாப்பிடுபவரைவிட ஆபத்து. கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய்க்குப் போடக் கூடாது.

ஆட்டுப் பால் சளிக்கு நல்லது என்று பச்சையாகக் கொடுப்பது பல ஊர்களில் உண்டு. புருசெல்லா வகைகளில் மனிதனை மிகக் கடுமையாகத் தாக்குவது ஆட்டிலிருந்து வரும் மெலிடென்சிஸ் வகைதான். 2020இல் பிரான்சின் அய்ன் பகுதியில் காய்ச்சாத ஆட்டுப்பால் சீஸ் மூலம் உண்ணி கடத்தும் மூளைக்காய்ச்சல் 43 பேருக்கு வந்தது. உண்ணி கடித்தது ஆட்டை, படுத்தது சாப்பிட்டவர்கள். ஆட்டுப் பாலைக் காய்ச்சியே கொடுங்கள்.

தெருவில் கழுதையை ஓட்டிவந்து, பிறந்த குழந்தைக்குப் பாலாடையில் பச்சையாகப் புகட்டும் கழுதைப் பால் சேவைக்கு மதிப்பெண் தர மறுக்கிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாத குடலுக்குள், சோதிக்கப்படாத ஒரு விலங்கின் கழுவாத மடியிலிருந்து, காய்ச்சாத பால் போகிறது. குரல் நன்றாக வரும் என்ற நம்பிக்கையில் பாட்டிமார் கேட்டால், அவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசி நிறுத்துங்கள்.

அடுப்பில் நடக்கும் தவறுகள்

நம் வீட்டுப் பழக்கம் பாலைப் பொங்கவிடுவது. பால் பொங்கும்போது 95 டிகிரியைத் தாண்டியிருக்கும். நோய்க்கிருமிக்கு 72 டிகிரியில் 15 விநாடியே போதும். ஊட்டியில் உயரம் காரணமாகத் தண்ணீர் 93 டிகிரி அளவில் கொதித்தாலும் கவலை இல்லை. ஆக, பொங்கும் பாலில் எச்5என்1ஓ புருசெல்லாவோ தப்பாது. வெறிநாய் கடித்த மாட்டின் பால் என்று ஊரே பதறும் நேரத்திலும் இதுவே விடை: காய்ச்சிய பாலில் அந்த வைரஸ் நிற்காது. பச்சையாகக் குடித்தவர் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோல் கழலை நோய் மனிதனுக்கு வருவதே இல்லை, 2022இல் அதற்காகப் பாலைக் கொட்டியவர்கள் வீணாகக் கொட்டினார்கள்.

தவறு வேறிடத்தில் நடக்கிறது. கிளறாமல் பெரிய பாத்திரத்தில் வைத்தால் ஆடை மூடி, கீழே ஆவி சேர்ந்து, முழுப் பாலும் சூடாகும் முன்பே பொங்கியது போல எழும். பாத்திரத்தை இரண்டு கரண்டி தண்ணீரால் நனைத்துப் பாலை ஊற்றுங்கள், மிதமான தீயில் அவ்வப்போது அடிவரை கிளறுங்கள், எழுந்ததும் தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். மைக்ரோவேவில் பச்சைப் பாலைக் காய்ச்சக் கூடாது, ஓரிடம் கொதிக்கும்போது இன்னோரிடம் வெதுவெதுப்பாக இருக்கும்.

அடுத்த தவறு, பச்சைப் பால் அளந்த டம்ளராலேயே காய்ச்சிய பாலை மொள்வது. பச்சைப் பால் பட்ட பாத்திரம், கரண்டி, மேடை மூன்றையும் கழுவிய பிறகே காய்ச்சிய பாலைத் தொட வேண்டும். மீந்த காய்ச்சிய பாலில் புதுப் பச்சைப் பாலை ஊற்றி வைப்பதும் இதே கணக்கு. காய்ச்சிய பாத்திரத்தை அகலமான தட்டில் தண்ணீர் விட்டு வையுங்கள், தண்ணீர் சுட்டதும் ஒருமுறை மாற்றுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். கொதியிலும் சாகாத பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அறைச் சூட்டில் முளைக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கொதிக்கவைப்பதும், ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதும் போதும்.

தயிருக்கு எப்போதும் காய்ச்சி ஆறிய பாலையே எடுங்கள். புளிப்பு ஏறிய தயிர் பல கிருமிகளை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் உறை ஊற்றிய முதல் சில மணி நேரம் பால் இனிப்பாகவே இருக்கிறது, அந்த நேரம் போதும் கிருமி பெருக.

கொதிக்கவைத்தாலும் தீராதவையும் உண்டு. கறந்து வெகுநேரம் வெதுவெதுப்பாகக் கிடந்த பாலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு சேர்ந்துவிட்டால் பாக்டீரியா செத்தாலும் நஞ்சு நிற்கும், இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கிலிருந்து வரும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது. எஃப்எஸ்எஸ்ஏஐ 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368இல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. பாக்கெட் பாலிலும் இருந்தது, ஆகவே மேலே நாங்கள் கொடுத்த மதிப்பெண் இதற்குப் பொருந்தாது. ஆன்டிபயாடிக் எச்சமும் அப்படியே. இவற்றை நுகர்வோர் அடுப்பில் தீர்க்க முடியாது, தீவனத்திலும் மருத்துவத்திலும்தான் தீர்க்க வேண்டும்.

பச்சைப் பாலோ காய்ச்சாத பாலில் செய்த வெண்ணெயோ பன்னீரோ சாப்பிட்ட இரண்டு மூன்று மாதத்துக்குள் காரணம் புரியாத காய்ச்சல் வந்து பத்து நாளைத் தாண்டினால், அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். மாட்டுக்கொட்டகை வேலை, கன்று எடுத்த அனுபவம், கொட்டகையில் திடீரென இறந்த கோழிகள், பூனைகள் எதையும் விடாமல் சொல்லுங்கள். புருசெல்லா ரத்தப் பரிசோதனையைக் கேட்டால்தான் எழுதுவார்கள். ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும்போது சந்தேகத்தை ஆய்வகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். கிருமி மெல்ல வளரும், கூடுதல் நாள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், கையாளும் ஆய்வக ஊழியருக்கே தொற்றக்கூடியது என்பதால் அவர்களும் தயாராக இருக்க வேண்டும்.